பிசாசு ஆற்றங்கரையில்

நம் நாட்டில் நதிகளுக்குத் தாய்மார்களின் பெயரையும் தேவிமார்களின் பெயரையும் வைத்தார்கள். அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தின் தென்மேற்கு மூலையில் ஓடுகிற ஒரு நதிக்கு 'டெவில்ஸ் ரிவர்' என்று பெயர். அதாவது, பிசாசு ஆறு! அதில் வந்து கலக்கும் ஓடைகளிலும் சாத்தானின் பெயரைத் தாங்கியவை உண்டு. ஊர்ப் பெயரைக் கேட்டே பெண் கொடுக்கத் தயங்கும் நம்மவர்கள் அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். ஆனால் டெக்ஸாஸில் உள்ள ஆறுகளுக்குள் இவ்வளவு தெளிந்த ஜலம் உடைய ஆற்றைக் காண்பது அரிது என்று அந்த ராஜ்யத்துக்காரர்களே பெருமையுடன் சொல்லுகிறார்கள்.

முதலில் அதற்கு இந்தப் பெயர் இல்லை. ஸ்பானியர்கள் அதை 'ஸான் பெத்ரோ' என்று பேதுரு முனிவரின் பெயரால்தான் அழைத்தார்கள். 1840-களில் ஜாக் ஹேஸ் என்ற படைத்தலைவர் தம் ஆட்களுடன் கல்லிலும் முள்ளிலும் அலைந்து களைத்து, செங்குத்தான கரையொன்றின் உச்சியில் வந்து நின்றாராம். இது என்ன ஆறு என்று விசாரித்தாராம். பேதுரு முனிவரின் ஆறு என்று பதில் வந்தவுடன், இதைப் பார்த்தால் முனிவருடைய ஆறாகத் தோன்றவில்லை, பிசாசினுடைய ஆறாகத்தான் தோன்றுகிறது என்று வெறுத்துப்போய்ச் சொன்னாராம். அந்த வெறுப்பே பெயராக நிலைத்துவிட்டது என்பது கதை.

படைத்தலைவரைக் குறை கூறுவதற்கில்லை. டெக்ஸாஸ் நம் தமிழ்நாட்டைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் விஸ்தீரணம் உடையது. ஜனத்தொகையோ நம்மில் பாதிகூட இல்லை. அந்த ஜனங்களும் கிழக்கேயுள்ள பட்டணங்களில் நெருங்கி வசிக்கிறார்கள். மேற்கே போகப் போக மனித வாசனையே குறைந்துவிடுகிறது. ஸான் அன்டோனியோ நகரத்திலிருந்து சுமார் 150 மைல் போனால் டெல் ரியோ என்ற எல்லைப்புறத்து ஊர். ரியோ கிராண்டே நதிக்கு அக்கரையில் மெக்ஸிகோ. டெல் ரியோவிலிருந்து வடக்கே 45 மைல். பிறகு இடது கைப்பக்கமாகத் திரும்பிச் சரளைக் கல் பாதையில் ஏறக்குறைய இன்னும் 20 மைல். வழியில் பெட்ரோல் கிடையாது, கடை கிடையாது, கைத் தொலைபேசியும் மௌன விரதம் பூண்டுவிடும். நாங்கள் நாலு பேர் (எங்கள் தங்கை, மாப்பிள்ளை, பத்து வயது மருமகள், நாம்) சென்ற சித்திரை மாதத்தில் இந்த வழியாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.

ராமநாதபுரம் பக்கத்து அன்பர்கள் யாராவது உடன் வந்திருந்தால் அந்தப் பாதையில் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டதாக நினைத்திருப்பார்கள். இரு புறமும் 'மெஸ்கீட்' என்ற முள் மரம். நம் கண்மாய்களையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிற சீமைக் கருவேலத்துக்கு அது பங்காளி. சீமைக் கருவேலம் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் நமக்கு வந்தது. பங்காளியை அதன் பிறந்த மண்ணில் பார்த்தபொழுது எங்களுக்கு உண்டான உணர்ச்சியைப் பாசம் என்று சொல்ல முடியாது. மெஸ்கீட்டுக்கு இடையிடையே கற்றாழை வகைகள், சப்பாத்திக் கள்ளி, குட்டையான ஜூனிப்பர் மரங்கள். மண் என்று சொல்லத்தக்கது அரை அடிகூட இல்லை. அதன் கீழே எங்கே பார்த்தாலும் வெளுத்த சுண்ணாம்புக் கல். "இங்கே ஆறா?" என்று தங்கை இரண்டு முறை கேட்டாள். மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. வண்டியின் அடிப்பாகத்தில் கல் இடிக்காமல் ஓட்டுவதிலேயே அவருடைய கவனம் முழுவதும் இருந்தது.

இந்த இடத்தில், நாங்கள் போன காரியத்தின் பெயரைச் சொல்லவேண்டும். அமெரிக்கர்கள் அதை 'பிரிமிட்டிவ் காம்பிங்' என்கிறார்கள். ஆதி மனிதனைப்போல் காட்டில் தங்கியிருத்தல் என்று அர்த்தம் செய்துகொள்ளலாம். விளக்கு இல்லை, குழாய் இல்லை, கட்டில் இல்லை, கூரை இல்லை. வெறுந்தரையில் கூடாரம் அடித்துக்கொள்ளச் சிறிது இடம், அவ்வளவுதான். இப்படி ஒன்றுமே இல்லாத இடத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்து, பணமும் கட்டி, விதிகளை வாசித்து ஒப்புக்கொண்டு போகவேண்டும். ஆதி மனிதனுக்கு இவ்வளவு தொந்தரவு இருந்திருக்காது. நம் பாட்டனார் மாட்டுவண்டியில் பழனிக்குப் போனபோது வழி நெடுக இப்படித்தான் தங்கினார். அதற்குப் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் விதிகளைச் சற்று யோசித்துப் பார்த்த பிறகு எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது.

விதிகளில் முதலாவது, தரையில் விறகு மூட்டி நெருப்பு வளர்க்கக்கூடாது என்பது. காய்ந்த புல்லும் காற்றும் உள்ள இடத்தில் ஒரு பொறி போதும். சிறிய காஸ் அடுப்பு வைத்துக்கொள்ளலாம். தங்கை அதைக்கூட நம்பவில்லை. முதல் நாளைக்குப் புளியோதரை, இரண்டாம் நாளைக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு டப்பா சத்துமாவு என்று கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அடுப்பில்லாத பிரயாணத்துக்குச் சாப்பாடு தயார் செய்யும் வித்தையில் நம் பெண்களுக்கு நிகர் உலகத்தில் இல்லை. பக்கத்துக் கூடாரத்தில் இருந்த அமெரிக்கத் தம்பதிகள் பொட்டலத்தைத் திறந்த மணத்துக்கே எட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் புளியோதரை அந்தப் பக்கம் போயிற்று.

இரண்டாவது விதி, குடிக்கும் ஜலம் முழுவதையும் நாமே கொண்டுபோகவேண்டும். நாலு பேருக்கு 15 காலன் எடுத்துப் போனோம். ஒரு காலன் நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நதிக்கரைக்குத் தண்ணீர் சுமந்து போகும் விசித்திரத்தை மருமகள் வெகு நேரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மூன்றாவது, கொண்டுபோன பொருளில் ஒரு துரும்பையும் அங்கே விட்டு வரக்கூடாது. வாழைப்பழத் தோலானாலும் மூட்டை கட்டித் திரும்ப எடுத்து வரவேண்டும்.

எங்கள் கூடாரம் ஆற்றிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தள்ளியிருந்தது. ஆற்றின் ஓரத்திலேயே இரவு தங்கும் உரிமை, மேலேயிருந்து படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் உண்டு. அவர்களுக்கும் ஒரு நாள் இரவு. அவர்களுக்குள்ள விதியைச் சபையில் சொல்லலாமா கூடாதா என்று யோசித்தோம். விஷயம் முக்கியமாகையால் சொல்லிவிடுகிறோம். மற்றக் குப்பையோடு தங்கள் மலத்தையும் பிரத்தியேகமான உறைகளில் கட்டி அவர்கள் எடுத்துக்கொண்டு போகவேண்டும்! ஆற்றங்கரையில் ஒதுங்குவதை அநாதி காலமாக வழக்கமாக வைத்திருந்த தேசத்தில் பிறந்த நமக்கு இது முதலில் வேடிக்கையாகப் பட்டது. மண்ணில் குழி தோண்டிப் புதைத்தால் என்ன என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டால் அந்த ஆற்றின் ரகசியம் முழுவதும் தெரிந்துவிடும்.

மண் இல்லை என்பதுதான் பதில். அங்கே உள்ளது சுண்ணாம்புக் கல். மழை ஜலம் காற்றிலும் தழை மக்கிய மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு பாறை வெடிப்புகளில் இறங்குகிறது. புளிப்பேறிய அந்த ஜலம் சுண்ணாம்புக் கல்லை மெள்ள மெள்ள அரித்துக்கொண்டே போகிறது. லட்சக்கணக்கான வருஷங்களில் நூலிழை வெடிப்பு சுரங்கமாகிறது, சுரங்கம் குகையாகிறது. இப்படிப் பல நூறு சதுர மைலில் விழும் மழை, ஓடி வீணாகாமல், கல்லுக்குள்ளே இறங்கித் தங்கி மெதுவாக நகருகிறது. ஆறு எங்கே ஆழமாகப் பள்ளம் அறுத்திருக்கிறதோ, அங்கே அந்த ஜலம் பாறைச் சுவரிலிருந்து ஊற்றாக வெளிப்படுகிறது. வைகையின் மணலிலே கொட்டாங்கச்சியால் தோண்டி நம் பெண்கள் எடுக்கும் ஊற்று நீரை மணல் வடிகட்டித் தருகிறது. சுண்ணாம்புக் கல்லின் சுரங்கங்களோ வடிகட்டுவதில்லை. மேலே போட்டது அப்படியே கீழே போய் ஊற்றில் வந்து நிற்கும்.

ஆற்றின் மேல்பாகத்தில் பல மைல் தூரத்துக்குக் கூழாங்கல் படுகைதான். மழை பெய்தால் ஒழியத் தண்ணீரே இல்லை. பெகான் ஊற்று என்ற இடத்துக்கு வந்த பிறகுதான் அது ஜீவநதியாகிறது. மொத்தம் 94 மைல் நீளமுள்ள ஆறு. தன் ஊற்றுகளையே நம்பி ஓடி, 1969-இல் திறக்கப்பட்ட அமிஸ்டாட் அணையின் ஏரியில் போய்ச் சேருகிறது. பனிமலையும் இல்லை, பருவமழையும் இல்லை. மழை வந்தாலோ ஒரேயடியாக வரும். 1954-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் 'ஆலிஸ்' என்ற புயல் உள்நாட்டுக்குள் புகுந்து கொட்டியபோது இந்தப் பிரதேசத்து ஆறுகள் கரை கடந்து பாலங்களைப் பெயர்த்துக்கொண்டு போயின. அதே சமயம் டெக்ஸாஸ், சரித்திரத்தில் கண்டிராத ஒரு பெரும் பஞ்சத்தின் நடுவில் இருந்தது; 1957 வரையில் அது நீங்கவில்லை. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நடுவில் ஆற்றை உயிரோடு வைத்திருப்பது கல்லுக்குள் இருக்கும் ஜலம் ஒன்றுதான்.

மறுநாள் காலையில் பாதை இறங்கி ஆற்றைப் பார்த்தோம். வரும் வழியில் பார்த்த பூமிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிக்கமோர், பெகான், ஓக் மரங்கள் கரையோரத்தில் பச்சைப் பசேலென்று நின்றன. ஜலம் பச்சையா நீலமா என்று எங்களுக்குள் தர்க்கம் ஏற்பட்டது. ஆழமான இடத்தில் நீலம். கல் தெரியும் இடத்தில் பச்சை. கையில் அள்ளினால் ஒரு நிறமும் இல்லை. ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே கிடக்கும் கூழாங்கல்லின் கீறல்கூடத் தெரிந்தது.

கிழக்குக் கரையில் ஃபினிகன் ஊற்றுகள் இருக்கின்றன. செங்குத்தான பாறையின் அடியில், ஒன்றல்ல இரண்டல்ல, வரிசையாகப் பல இடங்களில் கல்லைப் பிளந்துகொண்டு ஜலம் கொட்டுகிறது. பாறை முழுதும் பாசியும், மெல்லிய கறுத்த காம்புள்ள பெரணிச் செடிகளும் தொங்குகின்றன. ஓர் ஊற்றின் வாயில் கையை வைத்தோம். ஜலம் குளிர்ச்சியாக இருந்தது. கோடையிலும் இதே குளிர்ச்சி, மாரியிலும் இதே குளிர்ச்சி என்று மாப்பிள்ளை சொன்னார். வெயிலும் பனியும் எட்டாத ஆழத்திலிருந்து வருகிறபடியால் அது காற்றின் கோபதாபங்களை அறிவதில்லை. எங்கள் வீட்டுக் கிணற்று ஜலம் மார்கழி விடியலில் வெதுவெதுவென்று இருப்பதும், சித்திரைப் பகலில் ஜில்லென்று இருப்பதும் இதே காரணத்தினால்தான் என்று மருமகளுக்கு விளக்கினோம். வாத்தியார் உத்தியோகம் காட்டுக்குப் போனாலும் விடாது.

"மாமா, கல்லுக்குள்ளே எவ்வளவு நாள் இந்தத் தண்ணி இருந்திருக்கும்?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. ஒரே ஊற்றிலேயே சென்ற மாதத்து மழையும் இருக்கும். அவள் பிறப்பதற்கு முன்னால் பெய்த மழையும் இருக்கும். பெரிய சுரங்கத்தில் வந்தது சீக்கிரம் வரும், நுண்ணிய துளைகளில் வந்தது வெகு காலம் கழித்து வரும் என்று சொன்னோம். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறுபடியும் கையை ஊற்றில் வைத்தாள்.

அந்த ஊற்றுகள் ஆற்றில் கலக்கும் இடங்களை அண்டி ஒரு சின்னஞ்சிறு மீன் வாழ்கிறது. நீளம் இரண்டு அங்குலம். வால் அடியில் ஆப்பு வடிவமாக ஒரு கரும்புள்ளி. பிசாசு ஆற்று மீன் என்றே அதற்குப் பெயர். சாஸ்திரப் பெயரிலும் 'டயபோலி' என்று பிசாசு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஆற்றிலும் இதைச் சுற்றியுள்ள சில ஊற்றோடைகளிலும் தவிர அமெரிக்காவில் வேறெங்கும் அது கிடையாது. ஊற்று நின்றால் மீனும் நின்றுவிடும். 1999-இல் அமெரிக்க சர்க்கார் அதை அபாயத்தில் உள்ள ஜந்துக்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

மனிதர்களும் இந்த ஜலத்தை நம்பித்தான் இங்கே வந்திருக்கிறார்கள். இப்பகுதியின் மலையிடுக்குப் புடைகளில் 4,000 வருஷங்களுக்கு முன்னாலேயே மக்கள் செம்மண்ணாலும் கரியாலும் சித்திரம் தீட்டியிருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் தெய்வ உருவங்கள், மான்கள், சிறுத்தைகள். 19-ஆம் நூற்றாண்டின் மத்தியில் ஸான் அன்டோனியோவிலிருந்து எல் பாஸோவுக்குப் போன ராஜபாட்டை இந்த ஆற்றை ஒட்டியே சென்றது. காரணம், வேறு எங்கும் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வழியில்லை. 1857-இல் கரையில் ஒரு ராணுவ முகாம் ஏற்பட்டது. அமெரிக்க ராணுவம் அப்போது ஒட்டகங்களை இறக்குமதி செய்து பரீட்சை பார்த்துக்கொண்டிருந்தபடியால், அந்த ஒட்டகங்களும் இந்தப் பக்கம் வந்து தண்ணீர் குடித்துப் போயின.

இரவைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்த இயற்கைப் புகலிடத்தை 2019-இல் சர்வதேச இருள் வான ஸ்தலங்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறார்கள். இருளுக்கு விருது கொடுப்பார்களா என்று கேட்க வேண்டாம். அந்த இருட்டைப் பார்த்தால் கொடுக்கத்தான் தோன்றும். சப்தரிஷி மண்டலம் உச்சியில் நின்றது. நடுநிசிக்குப் பிறகு விருச்சிகமும் அதன் பின்னாலேயே ஆகாச கங்கையும் எழுந்தன. மதுரையில் தொடுவானத்துக்குப் பத்து பாகைதான் மேலே நின்று, வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் மறைந்து போகும் துருவ நட்சத்திரம், இங்கே முப்பது பாகை உயரத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பூகோள வகுப்பில் கரும்பலகையில் இருபது வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கும் படத்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம்.

இனி, மாப்பிள்ளையிடம் அன்றிரவு கேட்டு, பிறகு புஸ்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்துக்கு வருகிறோம். ஊற்றிலிருந்து விழுகிற ஒரு துளி ஜலம் யாருக்குச் சொந்தம்?

டெக்ஸாஸ் சட்டப்படி, ஆற்றில் ஓடும் ஜலம் ராஜ்யத்துக்குச் சொந்தம். யாரும் அனுமதியின்றிப் பாசனத்துக்கு இறைத்துக்கொள்ள முடியாது. படகு போகும் ஆற்றின் படுகையும் பொதுச் சொத்து; கரை மட்டும் தனியாருடையது. (ஆற்றோடு வருகிறவர்களுக்குத் தங்குமிடம் குறித்துக் கொடுக்கவேண்டி வந்ததே இதனால்தான், கண்ட கரையில் ஏறினால் நிலத்துக்காரர் அத்துமீறல் என்று வழக்குத் தொடுப்பார்.) ஆனால் அதே துளி பாறைக்குள்ளே இருந்தபோது ராஜ்யத்துக்குச் சொந்தமில்லை! மேலேயுள்ள நிலம் யாருடையதோ அவருக்குச் சொந்தம். அவர் குழாய்க் கிணறு இறக்கி எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம். பக்கத்து நிலத்துக் கிணறு வற்றினாலும் பொதுவாக நஷ்ட ஈடு கிடையாது. பாறையிலிருந்து வெளியே விழும் அந்த ஒரு கணத்தில் துளி எஜமானனை மாற்றிக்கொள்கிறது.

இந்த நியாயம் 1904-இல் தீர்மானமாயிற்று. டெனிஸன் என்ற ஊரில் ஒரு ரயில்வே கம்பெனி தன் இஞ்சின்களுக்காக இருபது அடி அகலத்தில் பெருங்கிணறு வெட்டி நாள்தோறும் 25,000 காலன் இறைத்தது. பக்கத்தில் ஈஸ்ட் என்பவருடைய வீட்டுக் கிணறு வறண்டுவிட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம், நிலத்தடி ஜலத்தின் போக்கு கண்ணுக்குத் தெரியாத மர்மம், அதை வைத்துச் சட்டம் செய்ய முடியாது என்ற தோரணையில் பேசி, ரயில்வேயின் பக்கம் தீர்ப்புச் செய்தது. அதற்கு அவர்கள் காட்டிய முன்மாதிரிகளில் ஒன்று 1843-இல் இங்கிலாந்தில் சொல்லப்பட்ட தீர்ப்பு. அங்கே நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் ஒரு மில் முதலாளியின் கிணறு வற்றியது. அவருக்கும் நியாயம் கிடைக்கவில்லை.

இதைப் படித்தபொழுது நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அதே ஆங்கிலக் கோட்பாடு கப்பலேறி நம் ஊருக்கும் வந்திருக்கிறது. 1882-ஆம் வருஷத்து இந்திய ஈஸ்மெண்ட் சட்டம், குறிப்பிட்ட கால்வாயில் ஓடாத நிலத்தடி ஜலத்தைத் தன் எல்லைக்குள் சேகரித்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு நிலச் சொந்தக்காரனுக்கும் உண்டு என்று உதாரணத்தோடு சொல்லுகிறது. அந்தச் சட்டம் முதன்முதல் அமலுக்கு வந்த பிரதேசங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. லங்காஷையர் மில் முதலாளி தோற்ற வழக்கு டெக்ஸாஸ் வீட்டுக்காரரையும் தோற்கடித்தது. நம் கிணறுகளின் தலையெழுத்தையும் எழுதியது. 1843-இல் நீதிபதிகள் நிலத்தடி நீரை அறியாமலிருந்தது குற்றமில்லை. அக்காலத்தில் மனிதனும் மாடும்தானே இறைத்தன. மிஞ்சிப்போனால் நீராவி யந்திரம். மின்சாரப் பம்பும் ஆயிரம் அடி துளைக்கும் யந்திரமும் வந்த பிறகும் அதே நியாயத்தைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் நமக்கு விளங்கவில்லை.

அதனால் என்ன கேடு வந்துவிடும் என்பவர்களுக்குப் பிசாசு ஆற்றிலிருந்து வடமேற்கே உள்ள ஃபோர்ட் ஸ்டாக்டன் பதில் சொல்லும். அங்கே கமாஞ்சி ஊற்று என்று ஒரு மகா ஊற்று இருந்தது. நாள் ஒன்றுக்கு மூன்று கோடி காலனுக்கு மேல் ஜலம் தானாகவே பொங்கி, ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிர் செய்த குடும்பங்களை வாழவைத்தது. 1940-களின் இறுதியில் ஊருக்கு மேற்கே சிலர் ஆழ்கிணறுகள் இறக்கி இறைக்கத் தொடங்கினார்கள். ஊற்று இளைத்தது. குடியானவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1954-இல், ஐம்பது வருஷத்துப் பழைய அதே நியாயம் சொல்லப்பட்டது: இறைக்கிறவன் இறைக்கலாம். 1961 வாக்கில் ஊற்று நின்றே போயிற்று. ஊற்றின் வாயில் கட்டிய நீச்சல் குளத்தில் அந்த ஊரார் 1936 முதல் ஒரு ஜல விழா நடத்தி வந்தார்கள். ஊற்று போன பிறகும் விழாவை விடவில்லை; குளத்துக்குக் குழாயில் தண்ணீர் விட்டு நடத்துகிறார்கள். தெப்பக்குளம் வறண்ட வருஷங்களில் நம்மவர் நிலைத்தெப்பம் நடத்துவது ஞாபகம் வருகிறதல்லவா? 1986-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் ஒரு விந்தை நடந்தது. இறைப்பு நின்றிருந்த சமயம் பார்த்து ஊற்று மறுபடியும் கசிந்தது! அதன் பிறகும் சில குளிர்காலங்களில் வந்திருக்கிறது. இறைப்பு தொடங்கியதும் போய்விடும். மர்மம் என்று 1904-இல் சொன்னார்களே, அந்த மர்மத்தை ஊற்று தானே அவிழ்த்துக் காட்டிவிட்டது.

டெக்ஸாஸ்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1949 முதல் பகுதி பகுதியாக நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு மண்டலங்கள் ஏற்படுத்த அங்கே சட்டம் இடம் தருகிறது. ராஜ்யத்தின் பெரும்பகுதியில் அவை ஏற்பட்டும் இருக்கின்றன. பிசாசு ஆறு ஓடும் வால் வெர்டே ஜில்லாவில் 2010-களில் அப்படி ஒன்று இருக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் அங்கிருந்து நிலத்தடி ஜலத்தைக் குழாய் வழியாகத் தொலைதூரப் பட்டணத்துக்கு விற்கலாம் என்ற யோசனையும் கிளம்பியது. ஊராரின் எதிர்ப்பும் கூடவே கிளம்பியது. ராஜ்ய சர்க்கார் 1988-இல் சுமார் 20,000 ஏக்கரை வாங்கி இயற்கைப் புகலிடமாக்கினார்கள். 2011-இல் கீழ்ப்புறத்தில் இன்னொரு பெரிய பண்ணையைச் சேர்த்தார்கள். டோலன் அருவியைச் சுற்றியுள்ள நிலத்தை 1991-இல் ஓர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வாங்கியது. ஆனால் ஊற்றுக்கு ஜலம் வருவது வேலிக்கு வெளியே பல மைல் தூரத்திலிருந்து. ஊற்றின் வாயைக் காப்பாற்றலாம். வயிறு எங்கேயோ இருக்கிறது.

நமக்கு மட்டும் என்ன? எங்கள் பூர்வீக ஊர் பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஆற்று மணலுக்குள்ளிருந்து கசியும் ஜலத்தைக் கால் வெட்டிக் கூட்டி வயலுக்குக் கொண்டுவரும் ஊற்றுக்கால் ஒன்று அங்கே இருந்தது. வெள்ளம் வராத வருஷத்திலும் அது ஒரு போகத்துக்குக் கைகொடுக்கும். வருஷந்தோறும் ஊரார் கூடித் தூர் வாருவார்கள். வராத வீட்டுக்கு அபராதம். நம் தகப்பனார் அதில் குளித்திருக்கிறார். நமக்குத் தெரிந்ததெல்லாம் அதன் மேட்டில் முளைத்த சீமைக் கருவேலம்தான். ஆற்றில் மணலை அள்ளினார்கள். வயலில் ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு இறக்கினார்கள். ஊற்றுக்கால் எந்த வருஷம் நின்றது என்று இன்று ஊரில் ஒருவருக்கும் திட்டமாகச் சொல்லத் தெரியவில்லை. தமிழ்நாட்டுச் சட்டசபை 2003-இல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் செய்தது. 2013-இல் அதை ரத்துச் செய்துவிட்டார்கள். உலகத்தில் இறைக்கப்படும் நிலத்தடி ஜலத்தில் ஏறக்குறைய கால் பங்கு இந்தியாவில்தான் இறைக்கப்படுகிறது.

"மச்சான், ஊருக்குப் போனதும் அந்த ஊற்றுக்காலை எனக்கு ஒரு தடவை காட்டுங்கள்" என்றார் மாப்பிள்ளை. காட்டுவதற்கு ஒரு பள்ளம் இருக்கிறது என்றோம்.

டெக்ஸாஸில் பிள்ளைகளோ பெண்களோ இருந்து, இந்த ஆற்றைப் பார்க்கவேண்டுமென்று ஆசைப்படும் வாசகர்களுக்குச் சில வார்த்தை. கோடையின் நடுவில் போகவேண்டாம், கல் வறுக்கும். ஐப்பசி முதல் சித்திரைக்குள் போவது உத்தமம். உயரமான வண்டியும், சரியான மாற்றுச் சக்கரம் ஒன்றும் அவசியம். ஆட்களை அளவாகத்தான் விடுவார்கள்; ஆகையால் வெகு முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். மேற்கே கறுத்தால், வானம் உங்கள் தலைக்கு மேல் தெளிவாக இருந்தாலும், ஓடைகளின் பள்ளத்தில் கூடாரம் அடிக்காதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை சொல்லாமல் வந்துவிடும். செருப்பு வேண்டாம், கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ் போடுங்கள்; கற்றாழை முள் தோலைத் துளைக்கும், பாம்பும் உண்டு. தண்ணீரைக் கணக்குப் பார்க்காமல் அதிகமாகவே எடுத்துப் போங்கள். எங்களிடம் இரண்டு காலன் மிச்சம் இருந்தது. அதைக் கொட்டிவிட்டு வண்டியைக் கிளப்பலாம் என்று மாப்பிள்ளை குப்பியைத் திறந்தார். தங்கை விடவில்லை. அது ஸான் அன்டோனியோவுக்கு வந்து அவள் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.